லிஃப்ட்காரர் சொல்லாத வாக்கியம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே, இதில் என்ன பெரிய ஒப்புதல் என்று நீங்கள் கேட்கலாம். அது வேறு பொய். நான் சொல்வது கல்லூரியில் பாராட்டு வாங்கிய பொய். நீல மையில் நான் எழுதி, பச்சை மையில் 'மிக நன்று' என்று திரும்பி வந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போகும் வழியே அடைபட்டிருக்கும். நல்லவேளை, அடைபடவில்லை. குறைந்தபட்சம் என்னால் அடைபடவில்லை.

இதை இப்போதே உடைத்துவிடுவது கதைக்கு நல்லதில்லை என்று எனக்கும் தெரியும். பத்திரிகையில் இரண்டு கதை வெளிவந்தவள், இதுகூடத் தெரியாதா. ஆனாலும் நீங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு படிக்க வேண்டாம். நான் ஒரு வாரம் கட்டிக்கொண்டிருந்தது போதும்.

2.

நான் யார் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பதினெட்டு வருடம் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நின்றவள். மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்கள் சீட்டோடு நிறுத்துவதில்லை. தூக்க மாத்திரை கேட்கிறவர் ஏன் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவார். பின்னால் வரிசை நிற்கும், முதலாளி முறைப்பார், நான் பாதிக் கதையில் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவேன். அந்தப் பாதிக் கதைகள் சேர்ந்து சேர்ந்து, நாற்பத்து மூன்று வயதில் சமூக சேவைப் படிப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தன. இரண்டு வருட டிப்ளமோ. வகுப்பில் எல்லாரும் என் பையன் வயது. முதல் வாரம் 'ஆன்ட்டி' என்றார்கள். என் நோட்ஸ் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்த பிறகு 'அக்கா' ஆனேன்.

என் கணவர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது அவர் வேலை.

"நாலு பேர் கஷ்டத்தைக் கேட்கிறதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா? காது இருந்தா போதாதா?" என்றார் நான் சேர்ந்த அன்று.

"உங்களுக்குக்கூடத்தான் காது இருக்கு. போன வாரம் நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ஃபீஸ் மட்டும் மறுநாளே கட்டிவிட்டார்.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. பயிற்சிக்காக எங்களை வீடுகளுக்கு அனுப்புவார்கள். போன இடத்தில் குறிப்பு எடுக்கக்கூடாது, செல்போனில் பதிவு செய்யவும் கூடாது. திரும்பி வந்து அன்றைக்கே, ஞாபகத்திலிருந்து, பேசியதைப் பேசியபடி எழுத வேண்டும். தாளில் மேலிருந்து கீழே கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்திகள். முதல் பத்தியில் அவர் சொன்னது, நான் சொன்னது. இரண்டாவது பத்தியில் அப்போது என் மனதில் ஓடியது. மூன்றாவது பத்தி காலி. அது சூப்பர்வைசர் குறிப்பு எழுதுகிற இடம்.*

* எங்கள் சூப்பர்வைசருக்கு இருபத்தொன்பது வயது. சிவப்பு மை பரீட்சையை ஞாபகப்படுத்தும் என்று பச்சை மையில் எழுதுவார். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் பச்சை மை. நான் மட்டும் மரியாதையாக பச்சை மை மேடம் என்பேன்.

3.

தொடக்கம், முதல் முயற்சி: மழை விட்டும் விடாத ஒரு மாலையில் அவள் அந்தப் படிகளில் —

(மழை இல்லை. காலை பதினொரு மணி, சுள்ளென்று வெயில். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடியும் ஏறித்தான் —

(இது நன்றாக இருக்கிறது. படித்தவுடன் உதடு கொஞ்சம் விரியும். ஆனால் அந்த லிஃப்ட் ஓடியது. சத்தமே இல்லாமல், அருமையாக ஓடியது. தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டை அவர் அப்படி வைத்திருந்தார். பார்த்தீர்களா, கை எவ்வளவு சீக்கிரம் பழைய பழக்கத்துக்குப் போகிறது.)

மூன்றாம் முயற்சி, நடந்தது நடந்தபடி: அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். நாற்பது வயது இருக்கும். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் நேரம் காலம் பார்க்காமல் ஓட வேண்டிய வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மனைவி நோயில் இறந்துபோனார். ஒரே பெண். அவருடைய அக்கா வந்து, "கொஞ்ச நாள் பிள்ளை என்கிட்ட இருக்கட்டும்" என்று கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாளர் யார் என்று எழுதிக் கேட்டார்கள். அத்தையா, அப்பாவா? அதை முடிவு செய்ய, நாங்கள் பயிற்சிக்குப் போகும் குழந்தைகள் நல அலுவலகத்தில் ஒரு குழு கூடுகிறது. அதற்கு முன்னால் அப்பாவுடைய விருப்பம் என்ன என்று கேட்டு வர வேண்டும்.

அனுப்பப்பட்டவள் நான். தனியாகப் போன முதல் வீடு.

(உண்மையிலேயே லிஃப்ட் வேலைதானா, மாற்றி எழுதியிருக்கிறாயா என்று கேட்காதீர்கள். மாற்றியிருந்தாலும் சொல்லக்கூடாது என்பது எங்கள் படிப்பில் முதல் பாடம். அதில் மட்டும் நான் பாஸ்.)

4.

நாற்பது நிமிடம் இருந்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைப் போட்டார், எதிரே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. நான் வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்திருந்த பன்னிரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். மறந்தபோது பையிலிருந்த லிஸ்ட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

"பொண்ணைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"நல்லா இருக்கா."

"உங்க விருப்பம் என்ன?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "அவங்க எப்படிச் சொல்றாங்களோ" என்றார்.

யார் அவங்க என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து கல்லூரி நூலகத்தில் தாளை விரித்தால் முதல் பத்தியில் ஏழு வரிதான் தேறியது. மூன்று பக்கம் வேண்டும். இரண்டாவது பத்தியோ நிரம்பி வழிந்தது. அவர் ஏன் பேச மாட்டேன் என்கிறார், என்னைப் பிடிக்கவில்லையா, பசிக்கிறது, இந்தச் செருப்பு கடிக்கிறது, நான் இதற்கு லாயக்கில்லையோ, பேசாமல் மருந்துக்கடையிலேயே இருந்திருக்கலாம். இதையா கொண்டுபோய்க் கொடுப்பது?

அதனால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தேன். முதலில் சின்னதாக, அவர் 'ம்' என்ற இடத்தில் 'ஆமாம் மேடம்' என்று. பிறகு அரை வாக்கியம். பிறகு முழு வாக்கியம். அவர் முகத்தைப் பார்த்தேனே, அதில் இருந்ததைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் 'உங்க விருப்பம் என்ன' என்ற கேள்விக்குக் கீழே இப்படி எழுதினேன்:

"என் கையில எதுவும் தங்காது மேடம். அவளாவது அங்க தங்கட்டும்."*

எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கிவிட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதர் வாயில் இல்லாததை வைத்துவிட்டு அதற்கு நானே அழுதிருக்கிறேன்.

* 'தங்காது', 'தங்கட்டும்' என்று எதிரொலி வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா? லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் எதிரொலி வைத்துப் பேசுவாரா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

5.

தாள் இரண்டு நாளில் திரும்பி வந்தது. மூன்றாவது பத்தியில் பச்சை மையில்: 'மிக நன்று. தந்தை மனம் திறந்து பேசும் அளவுக்கு நம்பிக்கை பெற்றிருக்கிறீர்கள்.' வகுப்பில் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, எங்ககிட்டல்லாம் யாருமே இப்படிப் பேச மாட்டேங்கிறாங்களே" என்றான் பின்பெஞ்சுப் பையன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டா என்றேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. குழுவுக்கு மேடம் தனியாக விசாரித்து எழுதுவார், இது மதிப்பெண்ணுக்கான தாள்தானே, அதைத் தாண்டி எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில் என் கையில் ஐந்து பக்க ரிப்போர்ட் ஒன்றைக் கொடுத்து, ஐந்து காப்பி எடுத்து வரச் சொன்னார்கள். ஜெராக்ஸ் மெஷின் மாடிப்படிக்குக் கீழே. முதல் தாள் சூடாக வெளியே வந்தது. பெயர் இருக்கும் இடம் கண்ணில் பட்டது. லிஃப்ட்காரருடைய ஃபைல். மூன்றாவது பக்கத்தில் 'தந்தையின் விருப்பம்' என்று தலைப்பு போட்டு, மேற்கோள் குறிக்குள், டைப் செய்த எழுத்தில்:

"என் கையில எதுவும் தங்காது மேடம். அவளாவது அங்க தங்கட்டும்."

அதற்குக் கீழே: 'எனவே குழந்தையின் நிரந்தரப் பொறுப்பை அத்தையிடம் ஒப்படைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' குழு கூடுவது வெள்ளிக்கிழமை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷினுக்கு அதெல்லாம் இல்லை, அது பாட்டுக்கு ஓடியது. ஐந்து காப்பியிலும் என் வாக்கியம் ஒரு எழுத்துகூட மங்காமல் விழுந்தது.

(இந்த இடத்தில் 'அவள் அந்தக் காகிதங்களை அள்ளிக்கொண்டு ஓடினாள்' என்று எழுதினேன். ஓடவில்லை. ஐந்தையும் ஒழுங்காக ஸ்டேப்ளர் போட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்து மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குச் சோறு எப்படி இறங்கும். அதற்குப் பிறகுதான் கணவருக்கு போன் போட்டேன்.)

எல்லாவற்றையும் கேட்டார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"இங்க பாரு. பஸ் லேட்டா வந்தா லேட்டுன்னு எழுதுவேன். வரலைன்னா வரலைன்னு எழுதுவேன். வராத பஸ்ஸை வந்ததா எழுதிட்டா, அதுக்காக நிக்கிறவன் கதி என்ன?"

"ஃபெயில் ஆக்கிடுவாங்க."

"ஆக்கட்டும். அந்தப் பிள்ளை நின்னுட்டு இருக்குல்ல."

அவருக்குக் காது இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்.

6.

பச்சை மை மேடம் மேஜையில் ஐந்து காப்பியையும் வைத்தேன். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

"மேடம், மூணாவது பக்கத்துல இருக்கிறதை அவர் சொல்லலை. நான் எழுதினது."

"நீங்கதான் எழுதினீங்க. அவர் சொன்னதை."

"இல்லை மேடம். அவர் சொல்லவே இல்லை. அவர் எதுவுமே பேசலை. பக்கம் பத்தலைன்னு நானா எழுதிட்டேன்."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். இந்தப் பெண் கத்திவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். கத்தவில்லை.

"சரி. அவர் பேசலை. அப்ப அந்த நாற்பது நிமிஷம் அங்க என்னதான் இருந்துச்சு? பார்த்ததைச் சொல்லுங்க. பார்த்ததை மட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். சின்ன ஹால். கழுவிக் கவிழ்த்த ரெண்டு தட்டு. ஒரு ஆள்தான் இருக்கிறார், ஆனா ரெண்டு தட்டு. சுவத்துல பள்ளிக்கூட டைம் டேபிள். நாற்காலி முதுகுல கட்டின கயிறு, பின்னின கயிறு. கருவிப் பெட்டி. ஜன்னல்ல —

"இருங்க. என்ன கயிறு?"

"வேலைக்குன்னு வச்சிருப்பார் மேடம். மெல்லிசுக் கயிறு. நாற்காலியில கட்டி, பின்னி, நுனியில ரப்பர் பேண்ட் போட்டிருந்துச்சு."

"லிஃப்ட் வேலைக்கு ரப்பர் பேண்டா?"

நான் கண்ணைத் திறந்தேன்.

அவர் ஒவ்வொரு காப்பியாக எடுத்து, மூன்றாம் பக்கத்தில் மூலைக்கு மூலை பச்சைக் கோடு போட்டார். ஐந்து கோடு. பிறகு சொன்னார்: "இதை நான் குழுத் தலைவர்கிட்ட சொல்லணும். நீங்களும் கூட வரணும். முப்பது மணி நேரம் பயிற்சி மறுபடி செய்யச் சொல்வாங்க. ஃபெயில் ஆக்கலாமான்னும் கேட்பாங்க, வேணாம்னு நான் சொல்வேன். என் தப்பும் இருக்கு. ஒருத்தர் இவ்வளவு அழகாப் பேசுறாரேன்னு எனக்கே சந்தேகம் வந்திருக்கணும். விசாரிக்காம ரிப்போர்ட்ல போட்டது நான்தானே."

"சரி மேடம்."

"அக்கா, போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க. முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு."

அதுவரை அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, ஜெராக்ஸ் மெஷினுக்கு நேர் மேலே, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்பாடா என்று இருந்தது. ஃபெயில் ஆனாலும் பரவாயில்லை, அந்த வாக்கியம் போய்விட்டது. மறுநாள் தலைவர் அரை மணி நேரம் திட்டினார். திட்டு ஒவ்வொன்றும் இதமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

7.

புதன்கிழமை மறுபடி போனேன். மேடமும் கூட வந்தார், ஓரமாக உட்கார்ந்தார். லிஸ்ட்டை நான் வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

முதலில் அவரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "போன தடவை நீங்க சொல்லாத ஒண்ணைச் சொன்னதா எழுதிட்டேன். தப்பு. அடிச்சாச்சு" என்றேன்.

"என்ன எழுதினீங்க?"

சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா நான் சொல்லலையே."

பச்சை மை மேடம் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

கயிறு அங்கேயே இருந்தது. நாற்காலி முதுகில், நுனியில் ரப்பர் பேண்டோடு. இந்த முறை கேட்டேன்.

"இது என்னங்க?"

"சடை."

நான் பேசாமல் இருந்தேன். படித்த படிப்பில் அது மட்டும் அன்று கைகொடுத்தது.

"அவளுக்கு அவ அம்மா பின்னிவிடுவா. எனக்கு வராது. ஞாயித்துக்கிழமை போனா அக்கா பின்னி வச்சிருப்பாங்க. அதை அவிழ்த்துப் பார்த்தா கத்துக்க முடியும்? அதான் கயிறு. ஆறு மாசம் ஆச்சு. மொதல்ல மூணு பிரிதான் வந்துச்சு. இப்ப நாலு பிரி வரும்."

"வேலை எப்படி? எப்பக் கூப்பிட்டாலும் போகணுமே?"

"கம்பெனியில பேசிட்டேன். காலை ஷிஃப்ட் மட்டும் தர்றோம்னாங்க. மூணு மாசமா அதான் பார்க்கிறேன்."

"இதை ஏங்க போன தடவை சொல்லலை?"

"நீங்க கேட்கலையே. லிஸ்ட்டைப் பார்த்துப் பார்த்துக் கேட்டீங்க. லிஸ்ட்ல இது இல்லை."

பளாரென்று அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, லிஃப்டில் எந்த பட்டன் வேலை செய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"உங்க அக்காகிட்ட கேட்கலாமே, பிள்ளையை அனுப்புங்கன்னு?"

"எப்படிங்க கேட்கிறது? ஒன்றரை வருஷம் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டவங்ககிட்ட, போதும் குடுங்கன்னா? செஞ்ச நன்றியை மறந்தவன்னு ஆயிடாதா? அவங்களாச் சொல்லட்டும்னு இருக்கேன்."

அவங்க எப்படிச் சொல்றாங்களோ. அந்த 'அவங்க' யார் என்று அப்போது புரிந்தது.

8.

இங்கே ஒரு சின்ன நிறுத்தம். அத்தையைப் பற்றி.

கதைக்கு ஒரு வில்லி கிடைத்தால் சௌகரியம். முந்தைய பிரதியில் அத்தையை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். கெட்டியான வளையல், கறாரான குரல், பிள்ளையை வேலை வாங்குகிற —

(கிழித்துவிட்டேன். அவர் கையில் வளையலே இல்லை. முதுகுவலிக்கு பெல்ட் போட்டிருந்தார். ஒரு தடவை பட்டும் புத்தி வராவிட்டால் நான் என்ன ஜென்மம்.)

வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் தொடங்கும் முன் வராந்தாவில் அந்த அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, என் தம்பி பிள்ளையைக் கேட்கவே இல்லையே, ஏன்? வேணாம்னு நினைக்கிறானா?"

"நீங்க கேட்டுப் பார்த்தீங்களா?"

"நானா எப்படி? நானாக் கொண்டுபோய் விட்டா, பாரம் தாங்காம அக்கா தள்ளிவிட்டாங்கன்னு அவன் நினைக்க மாட்டானா? செத்துப்போனவ முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது? கேட்டாத்தானே அனுப்புவேன்."

தம்பி, அக்கா சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார். அக்கா, தம்பி கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார். ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த மரியாதையில் ஒன்றரை வருடம் போயிருக்கிறது. நடுவில் நான் வேறு போய் ஒரு வாக்கியத்தை வைத்துப் பூட்டப் பார்த்தேன்.

9.

கூட்டம் நடந்த அறையில் ஒரு நீள மேஜை, ஏழெட்டு நாற்காலி, ஓடாத ஏ.சி. குழுவில் மூன்று பேர். பேசியதை எழுதிக்கொள்ளும் வேலை எனக்கு. இந்த முறை அங்கேயே, அப்போதே எழுதலாம் என்று அனுமதி. சொல்வதை மட்டும் எழுது என்று தலைவர் இரண்டு முறை சொன்னார்.

"உங்க விருப்பத்தை நீங்களே சொல்லுங்க" என்றார்கள் லிஃப்ட்காரரிடம்.

அவர் எழுந்து நின்றார். அக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நான் பேனாவோடு காத்திருந்தேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. தாளில் 'மௌனம்' என்று எழுதினேன். அப்படி ஒரு சொல்லை எழுதலாம் என்று அன்றைக்கு முன்னால் எனக்குத் தோன்றியதில்லை.

"சடை பின்னக் கத்துக்கிட்டேன்" என்றார் அவர். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

குழுவில் ஒருவர் என்ன சம்பந்தம் என்பதுபோல் மற்றவரைப் பார்த்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் மட்டும், பதினோரு வயசு, பெரியவர்களை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவுக்கு முன்னால் போட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து ரப்பர் பேண்டைக் கழற்றிப் பின்பக்கமாக நீட்டினாள்.

"இறுக்கமாப் போடுப்பா. மத்தியானம் பி.டி. பீரியட் இருக்கு."

அவருடைய விரல்கள் தடித்த விரல்கள், கிரீஸ் போகாத நகங்கள். கயிறு வழுக்காது, முடி வழுக்கும். இரண்டு தடவை நழுவியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "வகிடு கோணுதுடா" என்றார், அழுதுகொண்டே. "இருக்கா, வருது" என்றார் தம்பி. ஒன்றரை வருடத்தில் அவர்கள் பிள்ளையைப் பற்றி நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். எழுதிக்கொண்டேன்.

பிறகு, எங்கே இருக்க விருப்பம் என்று அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும் என்று பச்சை மை மேடம் சொன்னார். அதுவரை அவளிடம் யாருமே கேட்டிருக்கவில்லை, நான் உட்பட. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மேடமும் நானும் மட்டும் இருந்து கேட்டோம்.

அவள் சொன்னாள். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னாள். குழு அதை ஏற்றுக்கொண்டது.

10.

இப்போது முடிவு.

முடிவு அ: அவள் அன்றைக்கே அப்பா கையைப் பிடித்துக்கொண்டு —

முடிவு ஆ: வாரத்தில் ஐந்து நாள் அத்தை வீடு, இரண்டு நாள் —

முடிவு இ: படிப்பு முடியும்வரை அத்தையிடமே இருப்பதாகச் சொல்லிவிட்டு, அப்பாவிடம் ஒரே ஒரு —

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே நடந்திருக்கக் கூடியவை. அவற்றில் ஒன்று நடந்ததும்கூட. எது என்று எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் மேஜையருகே வந்து நின்றாள்.

"அப்பா சொல்லாததை எழுதிட்டீங்களாமே. அப்பா சொன்னாங்க."

"ஆமா. தப்புப் பண்ணிட்டேன்."

"நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கன்னு அந்த மேடம் சொன்னாங்க. இதையும் எழுதுவீங்களா?"

"நீ எழுதலாம்னு சொன்னாத்தான்."

அவள் நிரம்ப யோசித்தாள். மருந்துக்கடையில் காலாவதித் தேதி பார்க்கிறவர்களிடம்தான் அவ்வளவு கவனத்தைப் பார்த்திருக்கிறேன்.

"அப்பா கயிறு எழுதுங்க. பி.டி. எழுதுங்க. சடை கோணலா இருந்துச்சுன்னு கண்டிப்பா எழுதுங்க. நான் கடைசியில சொன்னது மட்டும் வேணாம். அது ஃபைல்ல இருந்தாப் போதும்."*

முப்பது மணி நேரத்தையும் மறுபடி முடித்தேன். பாஸ். வரும் திங்கட்கிழமை வேறொரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறேன். "போற இடத்துலயாவது வந்த பஸ்ஸை மட்டும் எழுது" என்று என் கணவர் ஒரு புதுப் பேனா வாங்கி வைத்திருக்கிறார். பதினெட்டு வருடம் பாதியில் விட்ட கதைகளுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியாது. ஒன்றை மட்டும் கெடுக்காமல் விட்டேன் என்பதில் மனது லேசாக இருக்கிறது.

ஆக, தாளை உங்கள் முன்னால் வைக்கிறேன். மூன்று பத்திகள்.

இரண்டாவது, என் மனதில் ஓடியது: அப்பாடா. அவளே சொல்லிவிட்டாள்.

மூன்றாவது பத்தி குறிப்பு எழுதுகிறவருக்கு. பேனா உங்களிடம். எந்த மையிலும் எழுதலாம்.

முதல் பத்தி, பேசியது. அதில் உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதுவும் பேச்சு இல்லை. சடை கோணலாக இருந்தது.

* அவள் அப்பாவிடமும் கேட்டேன். "நாலு பிரின்னு மறக்காம எழுதுங்க" என்றார்.